கணிதத்தில் பெரிய பட்டம் வாங்கினால் டிரேடிங்கில் ஜெயிக்க முடியுமா?

காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் மஞ்சள் விளையும் ஊர் ஒன்றிலிருந்து 24 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், கல்லூரி எதையும் நான் போடவில்லை. கோவையில் எம்எஸ்சி கணிதம் முடித்தவர், சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் ஜேஆர்எஃப் (பிஎச்டி செய்பவர்களுக்கான உதவித்தொகை) தகுதியும் வாங்கியிருக்கிறார். இப்போது ஈரோட்டில் ஒரு நுழைவுத்தேர்வுப் பயிற்சி மையத்தில் மாலை நேரத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார், மாதம் 24,000 ரூபாய். பகல் முழுக்க வீட்டில் சும்மா இருப்பதால் ஒன்றரை வருடமாக செல்போனில் நிஃப்டி ஆப்ஷன் (பங்குச்சந்தைக் குறியீட்டின் ஏற்ற இறக்கத்தை வைத்து விலை மாறும் ஒப்பந்தம்) வாங்கி விற்கிறார். இதுவரை 2,70,000 ரூபாய் போய்விட்டது. அதில் ஏலச்சீட்டு எடுத்த பணமும் சேர்த்தி. அப்பாவுக்கு இன்னும் தெரியாது.

தோற்றதற்குக் காரணம் தன்னிடம் கணிதம் போதாததுதான் என்று அவர் முடிவு கட்டியிருக்கிறார். ஸ்டொகாஸ்டிக் கால்குலஸ் (தற்செயலாக மாறும் அளவுகளுக்கான நுண்கணிதம்), மெஷர் தியரி (நிகழ்தகவுக்கு அடித்தளமான கணிதம்) எல்லாம் முறையாகப் படித்துவிட்டால் சந்தையைப் பிடித்துவிடலாம், ஜிம் சைமன்ஸ் கணிதப் பேராசிரியராக இருந்துதானே அவ்வளவு பெரிய டிரேடர் ஆனார் என்கிறார். கையில் மூன்று வழி வைத்திருக்கிறார். இங்கிலாந்தில் ஒரு வருட நிதிக் கணித முதுநிலைப் படிப்பு: எல்லாம் சேர்த்து 45 லட்சம், தோட்டத்தை ஈடு வைத்துக் கடன். அல்லது பக்கத்துக் கல்லூரியில் கிராஃப் லேபிளிங்கில் (புள்ளி, கோடுகளால் ஆன வரைபடங்களுக்கு எண் இடும் கணிதப் பிரிவு) பிஎச்டி: வழிகாட்டி தயாராக இருக்கிறார், வீட்டிலிருந்தே போய்வரலாம். அல்லது படிப்பே வேண்டாம், முழுநேர டிரேடிங். அதற்குக் காங்கேயத்து அத்தை 5 லட்சம் தருகிறாராம், மாதம் ரெண்டு வட்டி கொடுத்தால் போதுமாம். மாமாக்களோ எல்லாமே சூதாட்டம் என்கிறார்கள். தைக்குள் கல்யாணப் பேச்சு வேறு ஆரம்பித்துவிடும். பிஎச்டி முடிக்கும்போது 29, 30 ஆகிவிடுமே, அதற்கப்புறம் யார் வேலை தருவார்கள் என்ற பயத்தோடு கடிதம் முடிகிறது.

அம்மணி, கடிதத்தோடு உங்கள் புரோக்கர் கணக்கின் லாப நட்ட அறிக்கையையும் அனுப்பியிருக்கிறீர்கள். நல்ல காரியம் செய்தீர்கள். உங்கள் கேள்விக்குப் பாதி விடை அதிலேயே இருக்கிறது, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அந்த 2,70,000 எங்கே போனது

ஒரு நாளைக்குச் சராசரியாக 8 முறை வாங்கி விற்றிருக்கிறீர்கள். ஆர்டருக்கு 20 ரூபாய் புரோக்கரேஜ். வாங்க ஒன்று, விற்க ஒன்று, ஆக 40 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி போட்டால் 47 ரூபாய் 20 காசு. எட்டு முறைக்கு 378 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு, மாதம் 20 நாள் என்றால் 7,550 ரூபாய் சொச்சம், 18 மாதத்துக்கு ஏறக்குறைய 1,36,000 ரூபாய். எஸ்டிடி என்கிற பரிவர்த்தனை வரி, எக்ஸ்சேஞ்ச் கட்டணம், முத்திரைத் தீர்வை எதையும் நான் இதில் சேர்க்கவில்லை. உங்கள் நட்டத்தில் பாதிக்கு மேல் சந்தையிடம் தோற்ற பணமே இல்லை, கட்டணமாகக் கட்டிய பணம். நீங்கள் எடுத்த முடிவுகள் சரியும் தவறும் பாதிப்பாதியாக இருந்திருந்தாலும் இந்தப் பணம் போயிருக்கும். இதைக் கண்டுபிடிக்கப் பெருக்கல் போதும், மெஷர் தியரி வேண்டியதில்லை.

இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியம். மூவிங் ஆவரேஜ் (கடந்த சில நாள் விலைகளின் சராசரி) ஜோடிகளில் 200 விதம் பழைய தரவில் போட்டுப் பார்த்தேன், ஒன்று மட்டும் வருடத்துக்கு 40 சதவீதம் காட்டியது, அதை நம்பித்தான் இறங்கினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 200-இல் எதிலுமே சரக்கு இல்லை என்று ஒரு நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் அதிர்ஷ்டத்தால் ஒன்று நன்றாகத் தெரிவதற்கு 5 சதவீத வாய்ப்பு இருந்தாலும் சராசரியாக 10 விதங்கள் நன்றாகத் தெரியும். அவை ஒன்றையொன்று சார்ந்தவையாக இருந்தாலும் அந்த எதிர்பார்ப்பு மதிப்பு மாறாது, இது உங்களுக்கே தெரியும், பையன்களுக்கு நீங்களே சொல்லிக்கொடுக்கிற பாடம். அந்தப் பத்தில் மிக அழகாக இருந்ததைத்தான் நீங்கள் கையில் எடுத்திருக்கிறீர்கள். அதைக் கண்ணால் பார்க்காத புதுத் தரவில் சோதித்தீர்களா, கட்டணத்தைக் கழித்துப் பார்த்தீர்களா என்று தேடினேன், கடிதத்தில் இல்லை. உங்களிடம் கணிதம் இருந்தது. சொந்தப் பணம் உள்ளே இருக்கும்போது அந்தக் கணிதத்தைத் தன் மேலேயே பிரயோகிக்கும் பழக்கம்தான் இல்லை. அது பெரும்பாலோருக்கு இல்லாதது, இதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம்.

பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓவில், அதாவது ஃபியூச்சர், ஆப்ஷன் வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நட்டம், மொத்தத்தில் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அதே ஆய்வில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, உங்கள் கேள்விக்கு அதுதான் முக்கியம். 2023-24-இல் மட்டும் சொந்தப் பணத்தில் வர்த்தகம் செய்யும் நிறுவனங்கள் கட்டணம் கழிக்கும் முன் சுமார் 33,000 கோடியும், வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் சுமார் 28,000 கோடியும் லாபம் பார்த்திருக்கின்றன. அந்த லாபத்தில் 96, 97 சதவீதம் கணினி நிரல் வழியாக நடந்த வர்த்தகத்திலிருந்து வந்தது. நீங்கள் செல்போனில் ஆர்டர் போடும்போது எதிர்ப்பக்கம் யார் இருக்கிறார்கள் என்று இப்போது புரியும்.

பட்டம் எதற்கு உதவும், எதற்கு உதவாது

அந்த எதிர்ப்பக்கத்துக்குப் போய் உட்காரக் கணிதப் பட்டம் உதவும். இந்தப் பக்கம், வீட்டில் போனோடு தனியாக உட்கார்ந்து அவர்களை ஜெயிக்க உதவாது. என் பதிலின் சாரம் இவ்வளவுதான்.

டிரேடிங் என்று நீங்கள் ஒரே பெயரில் சொல்வதற்குள் வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன. மார்க்கெட் மேக்கிங் செய்கிற நிறுவனம் சந்தை எந்தப் பக்கம் போகும் என்று ஊகிக்கவே வேண்டியதில்லை. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசும் தரகர் வாங்குகிற விலைக்கும் விற்கிற விலைக்கும் நடுவே நிற்பதைப் போல, ஒரு நாளில் லட்சக்கணக்கான முறை, சில பைசா வித்தியாசத்துக்காக நடுவில் நிற்கிறார்கள். அதற்காக எக்ஸ்சேஞ்சின் தரவு மையத்துக்குள்ளேயே தங்கள் சர்வரை வைத்திருக்கிறார்கள். குவான்ட் ரிசர்ச்சர் என்பவர் தரவில் தடயம் தேடுபவர், அவருடைய நாள் பெரும்பாலும் தரவைச் சுத்தம் செய்வதிலும், தான் கண்டுபிடித்தது பொய் என்று நிரூபிக்கப் பார்ப்பதிலும் போகும். குவான்ட் டெவலப்பர் சி பிளஸ் பிளஸ்ஸில் வேகமான நிரல் எழுதுபவர். வங்கிகளில் ரிஸ்க், மாடல் வேலிடேஷன் பிரிவுகள் தனி. அங்கே மற்றவர் கட்டிய சூத்திரத்தில் ஓட்டை தேடுவதுதான் வேலை. மும்பையில் நான் இருந்தது அந்தப் பிரிவில், அதனால் அதன்மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இவற்றில் எதிலும் உட்காருபவர் தன் பணத்தைப் போடுவதில்லை. சம்பளம், போனஸ். தோற்றால் வேலை போகலாம், தோட்டம் போகாது.

என்ன கணிதம் வேண்டும் என்கிறீர்கள். நிகழ்தகவு, புள்ளியியல், நேரியல் இயற்கணிதம், டைம் சீரிஸ் (காலவரிசைத் தரவு), இவை ஆழமாக. பைத்தான் கட்டாயம், சி பிளஸ் பிளஸ் இருந்தால் நல்லது. நீங்கள் கனவு காணும் ஸ்டொகாஸ்டிக் கால்குலஸ் அழகான கணிதம், மறுக்கவில்லை. லூயி பஷலியே 1900-இல் பாரிஸில் தன் முனைவர் ஆய்வில் பங்குச்சந்தை விலையை நிகழ்தகவால் விளக்க முயன்றார், 1973-இல் பிளாக்கும் ஷோல்ஸும் ஆப்ஷன் விலைச் சூத்திரத்தைத் தந்தார்கள். ஆனால் அந்தச் சூத்திரம் ஒரு ஆப்ஷனுக்கு என்ன விலை நியாயம், விற்றவர் தன் இடரை எப்படிச் சமன் செய்துகொள்வது என்பதற்குத்தான் பதில் சொல்லும். நாளைக்கு நிஃப்டி ஏறுமா என்று அது சொல்லவே சொல்லாது. அதை எதிர்பார்த்துப் படித்தால் ஐந்து வருடம் கழித்து ஏமாந்து நிற்பீர்கள்.

சைமன்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். அவர் வடிவியலில் உலகம் மதித்த பேராசிரியர், செர்ன் சைமன்ஸ் கோட்பாடு என்று அவர் பெயரிலேயே இருக்கிறது. 1978-இல் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியே வந்தார். அவருடைய புகழ்பெற்ற மெடாலியன் முதலீட்டு நிதி ஆரம்பித்தது 1988-இல். நடுவில் பத்து வருடம். அவர் கட்டியது ஒரு நிறுவனம்: கணித மேதைகள், தரவைச் சேகரித்துச் சுத்தம் செய்கிறவர்கள், 1993-இல் ஐபிஎம்மில் பேச்சைக் கணினிக்குப் புரியவைக்கும் ஆய்வில் இருந்து வந்த பீட்டர் பிரவுன், ராபர்ட் மெர்சர் இப்படிப் பலர். ஒரு தனி மனிதர் வடிவியல் படித்துச் சந்தையை வென்ற கதை இல்லை இது. இதன் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1997-இல் பொருளியல் நோபல் வாங்கிய மெர்ட்டனும் ஷோல்ஸும் பங்குதாரர்களாக இருந்த லாங் டெர்ம் கேப்பிட்டல் மேனேஜ்மென்ட் என்ற முதலீட்டு நிறுவனம் அடுத்த வருடமே கவிழ்ந்து, 14 நிதி நிறுவனங்கள் 360 கோடி டாலர் போட்டுத் தாங்க வேண்டியதாயிற்று. அங்கே கணிதத்துக்கு ஒரு குறையும் இல்லை. கடன் வாங்கிப் பெருக்கிய அளவுதான் கொன்றது.

45 லட்சமும் தோட்டமும்

இந்த வழிக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன். படிப்பு மட்டம் என்பதால் இல்லை, நல்ல பல்கலைக்கழகங்கள்தான். கணக்கு ஒத்துவரவில்லை.

45 லட்சத்தை ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் 10 வருடத்தில் அடைத்தால் மாதத் தவணை 59,500 ரூபாய்க்குப் பக்கம் வரும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதன்மேல். லண்டனில் வேலை கிடைத்தால் கட்டிவிடலாம், கிடைக்காமல் திரும்பி வந்தால் உங்கள் இப்போதைய சம்பளத்தைப் போல இரண்டரை மடங்கு தவணை. சரி, வேலை கிடைக்குமா? ஒரு வருடப் படிப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது, ஏஜென்டுகள் அதைச் சொல்வதில்லை. செப்டம்பரில் போய் இறங்குவீர்கள், அடுத்த கோடைக்கான இன்டர்ன்ஷிப், வேலை விண்ணப்பங்கள் அந்த இலையுதிர் காலத்திலேயே மூட ஆரம்பித்துவிடும். நீங்கள் ரூம் தேடிக்கொண்டு, குளிருக்குக் கோட்டு வாங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் முதல் சுற்றுத் தேர்வுகள் முடிந்துபோகும். படித்து முடித்தபின் தங்கி வேலை தேடும் விசாவும், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 2 ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது.

தோட்டத்தை ஈடு வைப்பது பற்றி ஒரு சட்ட விஷயம். கொடுத்த கடன் திரும்பி வராவிட்டால் நீதிமன்றம் போகாமலே சொத்தை எடுக்க வங்கிகளுக்கு அதிகாரம் தரும் சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அதனால் கல்விக் கடனுக்கு விவசாய நிலத்தை ஈடாக எடுக்கப் பல வங்கிகள் தயங்கும், வீடு, மனை கேட்பார்கள். வங்கி மறுத்ததும் அடுத்து என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். தனியாரிடம் கிரயம் எழுதிக்கொடுத்துப் பணம் வாங்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அந்தப் பத்திரத்தில் மட்டும் அப்பாவைக் கையெழுத்துப் போட விடாதீர்கள். கடனுக்காக எழுதினாலும் பத்திரத்தில் கிரயம் என்று இருந்தால் அது விற்பனைதான். மீட்க வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு நடக்க வேண்டியிருக்கும்.

பிஎச்டி செய்யலாம், ஆனால் எங்கே, எதில்

உங்கள் கையில் ஜேஆர்எஃப் இருக்கிறது. அதன் மதிப்பு உங்களுக்கே சரியாகத் தெரியவில்லை என்று தோன்றுகிறது, கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோயிருக்கிறீர்கள். முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. இப்போது வாங்கும் சம்பளத்தைவிட அதிகம், கடன் ஒரு ரூபாய் வேண்டாம்.

ஆனால் பக்கத்துக் கல்லூரியில் கிராஃப் லேபிளிங் வேண்டாம். நம் பக்கத்தில் கிராஃப் லேபிளிங்கிலும் ஃபசி கணங்களிலும் நிறையப் பேர் முனைவர் பட்டம் வாங்குகிறார்கள், கல்லூரி ஆசிரியர் வேலைக்கு அது பயன்படும், அந்த வழிகாட்டி உங்கள் மேல் அக்கறையோடுதான் அழைத்திருப்பார். நீங்கள் போக நினைக்கும் இடத்தில் அது ஒரு கதவையும் திறக்காது. கசப்பான இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்: மும்பை, குருகிராம், பெங்களூரில் உள்ள வர்த்தக நிறுவனங்கள் பெரும்பாலும் பழைய ஐஐடிகள், ஐஎஸ்ஐ (இந்தியப் புள்ளியியல் நிறுவனம்), சிஎம்ஐ (சென்னை கணிதக் கழகம்) போன்ற சில வளாகங்களுக்குத்தான் போய் ஆள் எடுக்கின்றன. டிரேடர் வேலைக்கு பிடெக் முடித்த 22 வயதுப் பையன்களையே எடுப்பார்கள், பிஎச்டி கேட்பதே இல்லை. ஆராய்ச்சி வேலைக்கு பிஎச்டிக்கு மதிப்பு உண்டு, ஆனால் எங்கே, என்ன தலைப்பில், என்ன நிரல் எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். இது நியாயமா என்றால் இல்லை. நம் ஊர்க் கல்லூரிகளிலும் அதே திறமையுள்ள பிள்ளைகள் இருப்பதை நான் தினமும் பார்க்கிறேன். ஆனாலும் இருக்கிற நிலைமைக்குத் தக்கபடிதான் உங்களுக்கு வழி சொல்ல முடியும்.

அதனால் இரண்டு வாசல்களைப் பாருங்கள். ஒன்று, ஐஎஸ்ஐயில் எம்ஸ்டாட் என்கிற புள்ளியியல் முதுநிலைப் படிப்பு. இரண்டு வருடம், படிப்புக் கட்டணம் இல்லை, உதவித்தொகை உண்டு. இன்னொரு முதுநிலையா என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். உங்கள் நோக்கம் வேலைதான் என்றால் ஐந்து வருட பிஎச்டியைவிட இதுதான் நேர்வழி, 27 வயதில் வெளியே வந்துவிடலாம். இரண்டாவது, நிகழ்தகவிலோ புள்ளியியலிலோ பிஎச்டி, ஐஎஸ்ஐ, ஐஐடி மெட்ராஸ் போன்ற இடங்களில். நிகழ்தகவில் ஐஎஸ்ஐக்குப் பெரிய பாரம்பரியம் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த எஸ்.ஆர்.எஸ்.வரதன் 1963-இல் முனைவர் பட்டம் வாங்கியது அங்கேதான், 2007-இல் கணிதத்தின் உயரிய விருதுகளில் ஒன்றான ஏபெல் பரிசு பெற்றார்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு உங்களை நீங்களே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியில் எந்த வர்த்தக நிறுவனமும் உங்களை எடுக்கவில்லை, ஒரு கல்லூரியிலோ வங்கியிலோதான் வேலை என்று இப்போதே தெரிந்தாலும் அந்த ஐந்து வருடத்தைச் சந்தோஷமாகச் செய்வீர்களா? ஆமாம் என்றால் பிஎச்டிக்குப் போங்கள், தயங்கவே வேண்டாம். இல்லை என்றால் எம்ஸ்டாட். டிரேடிங்குக்காக மட்டும் பிஎச்டியில் சேர்ந்து மூன்றாம் வருடத்தில் தேற்றம் நகராமல் நின்றபோது விட்டுவிட்டு வந்தவர்கள் என்னிடம் ஆலோசனைக்கு வந்திருக்கிறார்கள், அவர்கள் யாரும் கணக்கில் மோசமானவர்கள் இல்லை.

வயதைப் பற்றிய பயம் வேண்டாம். பிஎச்டி முடித்தவர்களை 29, 30 வயதில் எடுப்பதுதான் வழக்கம். கல்யாணம் உங்கள் சொந்த முடிவு, நான் அதில் சொல்ல ஒன்றே ஒன்றுதான்: மாப்பிள்ளை வீட்டில் பேச்சு வரும்போது படிப்பை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நிச்சயம் முடிந்தபின் சொல்லலாம் என்று வைத்திருக்காதீர்கள்.

அத்தையின் 5 லட்சம்

வாங்கவே வாங்காதீர்கள். ரெண்டு வட்டி என்றால் மாதம் 10,000 ரூபாய், வருடத்துக்கு 24 சதவீதம். உங்கள் கணக்கு இதுவரை நட்டம்தான் காட்டியிருக்கிறது. முதல் மாத வட்டியை அத்தையின் அசலிலிருந்தே எடுத்துக் கொடுக்க வேண்டிவரும், அப்புறம் அத்தை பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்வார், இன்னும் இரண்டு பேர் பணத்தோடு வருவார்கள். திருப்பூரில் பாசி ஃபாரக்ஸ் விவகாரம் நடந்தபோது நீங்கள் பள்ளிக்கூடம் போகும் குழந்தை. பெரிய வட்டி தருவதாகச் சொல்லி 900 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்த வழக்கு அது, 2022-இல் கோவை நீதிமன்றம் இரண்டு பேருக்கு 27 ஆண்டு சிறை விதித்தது. நீங்கள் அப்படிப்பட்டவர் என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்தவர் பணத்தை வாங்கி, இவ்வளவு வட்டி தருகிறேன் என்று உறுதி கொடுத்து, சந்தையில் போடும் அமைப்பு ஒன்றுதான். 2019-ஆம் ஆண்டின் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம் உறவினரிடம் வாங்கும் கடனுக்கு விலக்கு தருகிறது, ஆனால் அந்த உறவினர் பட்டியல் கம்பெனிச் சட்டத்தில் உள்ளது: கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், மகனின் மனைவி, மகளின் கணவர், உடன்பிறந்தவர்கள், கூட்டுக் குடும்பம். அத்தை அதில் இல்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு அடுத்தவர் பணத்தை நிர்வகிப்பதற்கோ செபியின் பதிவு வேண்டும், அதிலும் ஒரு வாடிக்கையாளரிடம் குறைந்தது 50 லட்சம் வாங்க வேண்டும்.

மாமாக்கள் சொல்லும் சூதாட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. 2007, 2008 வாக்கில் திருப்பூர், கோவைப் பக்கம் பல ஏற்றுமதியாளர்களும் ஆலைகளும் புரியாத அந்நியச் செலாவணி டெரிவேடிவ் (நாணய மதிப்பை வைத்து லாப நட்டம் மாறும்) ஒப்பந்தங்களில் மாட்டிக்கொண்டார்கள், கோவையைச் சேர்ந்த ஒரு சர்க்கரை நிறுவனம் வங்கியை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அது பந்தய ஒப்பந்தம் இல்லை, செல்லும் என்றுதான் 2008 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. அதனால் சட்டப்படி மாமாக்கள் சொல்வது சரியில்லை. ஆனால் தினம் 8 முறை வாராந்திர ஆப்ஷன் வாங்கி விற்பதைப் பார்த்து அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, அதை மதியுங்கள்.

அந்த வழக்கிலிருந்து உங்களுக்கு ஒரு வேலை யோசனையும் கிடைக்கிறது. திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்களுக்கு டாலர் வர 60, 90 நாள் ஆகும், அதற்குள் மதிப்பு மாறிவிடும் என்பதால் வங்கியில் ஃபார்வர்ட் கவர் (பின்னால் வரும் டாலருக்கு இன்றே விலை பேசி வைக்கும் ஒப்பந்தம்) எடுக்கிறார்கள். எவ்வளவுக்கு எடுப்பது, எப்போது எடுப்பது என்பதைப் பல இடங்களில் இன்னமும் முதலாளியின் உள்ளுணர்வும் வங்கி மேலாளரின் போன் அழைப்பும்தான் முடிவு செய்கின்றன. பஞ்சு வாங்கும் ஆலைகளிலும் அதே நிலை. கணிதம் தெரிந்த, ஆப்ஷனின் சூடு பட்ட ஒரு பெண் அங்கே உட்கார்ந்தால் இரண்டு வருடத்தில் நல்ல அனுபவம் சேரும். லட்சக்கணக்கில் சம்பளம் வராது. படிப்புக்கு இடம் கிடைக்கும் வரை பயிற்சி மையத்தைவிட இது உங்கள் இலக்குக்கு நெருக்கமான வேலை.

இந்த மாதமே செய்ய வேண்டியவை

டிரேடிங் கணக்கை மூடச் சொல்லவில்லை, எஃப் அண்ட் ஓ வசதியை மட்டும் முடக்கிவிடுங்கள். ஆராய்ச்சி ஆசை இருந்தால் நிஜப் பணம் போடாமல் காகிதத்தில் எழுதி வர்த்தகம் செய்யுங்கள், கட்டணத்தைக் கழித்து. நட்டத்தை வருமான வரிக் கணக்கில் காட்டியிருக்கிறீர்களா என்று தெரியவில்லை. எஃப் அண்ட் ஓ நட்டம் வணிக நட்டமாகத்தான் கணக்கில் வரும், சம்பளத்தோடு கழிக்க முடியாது, ஆனால் கெடுவுக்குள் கணக்குத் தாக்கல் செய்தால் 8 ஆண்டு வரை அடுத்தடுத்த வருடங்களுக்கு எடுத்துப்போய் வணிக லாபத்தில் கழிக்கலாம். ஈரோட்டில் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.

அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். சீட்டுப் பணம் தவணை நிற்கும்போது எப்படியும் தெரியவரும், அதை நீங்கள் சொல்லித் தெரிவது வேறு, சீட்டுக்காரர் வீட்டு வாசலில் வந்து சொல்லித் தெரிவது வேறு. மேலே போட்ட கட்டணக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள், மஞ்சள் மண்டியில் கமிஷனும் கூலியும் கழித்துக் கைக்கு வரும் பணத்தை வாழ்நாளெல்லாம் கணக்குப் பார்த்தவருக்கு அது உடனே புரியும். இனி அந்தப் பக்கம் போகவில்லை என்பதையும், தோட்டம் ஈட்டுக்குப் போகாது என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். மாதம் 6,000 ரூபாய் ஒதுக்கினால்கூட சீட்டுப் பாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துவிடலாம், ஜேஆர்எஃப் பணம் வர ஆரம்பித்தால் இன்னும் சீக்கிரம்.

ஐஎஸ்ஐ நுழைவுத் தேர்வு வழக்கமாக மே மாதம் நடக்கும், விண்ணப்பம் அதற்குச் சில மாதங்கள் முன்பு. பழைய வினாத்தாள்கள் அவர்கள் இணையதளத்திலேயே கிடைக்கும். இன்றைக்கே ஒன்றை எடுத்து நேரம் வைத்துப் போட்டுப் பாருங்கள், பயிற்சி மையத்துக் கணக்கும் அந்தக் கணக்கும் எவ்வளவு வேறு என்று தெரியும். ஜேஆர்எஃப் கடிதத்துக்கும் சேரும் காலக்கெடு உண்டு, அதில் போட்டிருக்கும் தேதியைப் பார்த்து எனக்கு எழுதுங்கள். அதை வைத்துத்தான் எம்ஸ்டாட்டுக்கு ஒரு முறை முயன்று பார்க்க அவகாசம் இருக்கிறதா, இல்லை இந்த வருடமே பிஎச்டி நேர்முகங்களுக்குப் போக வேண்டுமா என்று சொல்ல முடியும்.